பெரியவன் யார்?

பொய் சொல்லும் குடும்பத்தில் பிறந்தவன் இல்லை நான். நம்பாதவர்கள் இத்துடன் பக்கத்தைத் திருப்பிவிடலாம்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. கதவைத் தட்டிவிட்டு "நான்தான்" என்று சொல்லக் கூடாது. கொட்டும் மழையில் நின்றாலும் அப்பா திறக்க மாட்டார். முறையைச் சொல்ல வேண்டும். நான் "பெரியவன்". என் தம்பி "சின்னவன்". அப்பா போன பிறகும் அந்தச் சட்டத்தை நான் தளர விட்டதில்லை. மூத்த பிள்ளை என்பதில் எனக்குக் கர்வம் உண்டு. மறைப்பானேன்?

போன மாதம், ஊருக்கு மேலே நிற்கும் தூண்பாறைகளைப் பார்க்கத் தனியாகக் கிளம்பினேன். அப்பா இருந்தவரை எங்களை அந்தப் பக்கமே விட்டதில்லை.

எங்களோடு இருக்கும் அப்பாவின் தங்கை, அத்தைக்குக் கண் முழுவதும் மங்கிவிட்டது. "இந்த வயசுல மலையேறப் போறியாக்கும். விழுந்து வெச்சா தூக்க எனக்குத் தெம்பில்லடா" என்றார்.

"சாயங்காலத்துக்குள்ள வந்துடுவேன். தாழ் போட்டுக்கோங்க, அத்தை."

நல்ல வெயில். பாறைகள் ஒன்றோடொன்று தோள் உரசி நின்றன. நடுவில் ஓர் இடுக்கு. அதன் மறுமுனையில் பள்ளத்தாக்கு பச்சைக் கோடாகத் தெரிந்தது. பக்கவாட்டில் திரும்பி நுழைந்தேன்.

பாதி வழியில் நெஞ்சு சிக்கிக்கொண்டது. முன்னால் நகர முடியவில்லை. பின்னாலும் முடியவில்லை. மூச்சை இழுக்க இழுக்கக் கல் அழுத்தியது.

அப்போது கேட்டது.

டொக்... டொக்...

கல்லுக்குள்ளிருந்து யாரோ தட்டும் சத்தம்.

"யாரு?"

"நான்தான்."

குழந்தைக் குரல். என் முழங்கால் உயரத்திலிருந்து.

ஆயுள் முழுக்க இருந்த பழக்கம். வாய் தானாக அதட்டியது. "நான்தான்னா யாரு? முறையாச் சொல்லு."

பிறகு, யோசித்து யோசித்து... "பெயியவன்."

"நான்தான் பெரியவன்" என்றேன்.

பாறை இறுகியது.

"நீ யாயு?"

"பெரியவன்."

விலா நெரிந்தது. கண் இருட்டியது. ஈரமான சின்னக் கை ஒன்று என் விரலைப் பிடித்தது.

"நீ யாயு?"

வாழ்நாளில் என்னைப் பற்றி நான் சொல்லாத வார்த்தை அது. சொன்னேன்.

"சின்னவன்."

பிடி விட்டது. வெயிலில் கிடந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. தட்டினேன்.

"யாரு?" அத்தையின் குரல்.

"பெரியவன்."

"யாருகிட்ட விளையாடுற? பெரியவன் அப்பவே வந்துட்டான். நான்தானே திறந்துவிட்டேன்."

கெஞ்சிப் பார்த்தேன். தாழ் அசையவில்லை. கடைசியில் "சின்னவன்" என்றேன்.

திறந்தது.

என் முகத்தைத் தடவிப் பார்த்த பிறகுதான் அத்தைக்குப் புரிந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதுவரை எங்களிடம் யாரும் சொல்லாததை அன்று சொன்னார்.

எனக்கு முன்னால் ஒருவன் பிறந்திருக்கிறான். நான் அம்மா வயிற்றில் இருந்தபோது, "இனி நீதான் பெரியவன்" என்று அவனைக் கொஞ்சுவார்களாம். ஒருநாள் அந்த இடுக்குக்குள் ஓடினான். வெளியே வரவில்லை. பிள்ளையைத் தொலைத்த வீடு என்ற பேர் வரக் கூடாதென்று அப்பா எல்லோர் வாயையும் அடைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு தினமும் கதவு தட்டப்பட்டதாம். யாரென்று கேட்டால், "நான்தான்."

சட்டம் வந்தது அதனால்தான்.

முறையைச் சொல்லும்படி அவனை இதுவரை யாரும் கேட்டதில்லை. நான் கேட்டுவிட்டேன்.

நேற்று மறதியில் கதவைத் தட்டி, "பெரியவன்" என்றேன்.

உள்ளிருந்து பதில் சொன்னது அத்தை இல்லை.