தாலியைத் தேய்க்கலாமா?

திருவண்ணாமலைத் தேரடி வீதியில் ஒரு நகைக்கடை. கோயில் வாசலில் வாங்கிய வெள்ளி மோதிரம் அசல்தானா என்று பார்க்க வந்து நிற்கிறேன். எனக்கு முன்னால் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த இரண்டு குடும்பங்கள். நாளைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் செய்த தாலியைப் பெண்ணின் அம்மா உரைகல் பக்கத்தில் வைக்கிறாள்.

“தேச்சிப் பாருங்க.”

“தாலிய யாராவது தேப்பாங்களாம்மா?” கடைக்காரர் தயங்குகிறார்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் சிவக்கிறது. “தேய்ங்க. அப்படியே நிச்சயத்துல எம்புள்ளைக்கு இவங்க போட்ட மோதிரத்தயும் தேய்ங்க” என்று அதைப் பையிலிருந்து எடுத்துக் கல்லின் மேல் எறிகிறாள்.

கடைக்காரர் ஆசிட் பாட்டிலைத் திறக்கிறார்.

பெண்ணின் அப்பா சட்டென்று மோதிரத்தை உள்ளங்கையால் மூடுகிறார். “நல்ல காரியத்துல இதெல்லாம் இன்னாத்துக்குங்க? ரெண்டுமே வேணாம்.”

மாப்பிள்ளையின் அம்மா சண்டைக்கு வருவாள் என்று பார்த்தால், அவசரமாகத் தாலியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்கிறாள். “அதத்தான் நானும் சொல்றேன், சம்பந்தி.”

அவர்கள் படியிறங்கியதும் கடைக்காரர் என்னிடம் கை நீட்டுகிறார். “குடுங்க சார், உங்களுதத் தேச்சிப் பாத்துடலாம்.”

“வேணாங்க” என்று மோதிரக் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்கிறேன்.