எஞ்சினுக்குக் கொடுத்த மடு மண்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். விடத்தல்தீவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்படிப்பட்ட நான் ஒரேயொரு விஷயத்தை மட்டும் என் புருஷனிடம் சொல்லாமல் மூன்று கிழமை விழுங்கிக்கொண்டிருந்தேன். சொல்லித் தொலைத்திருந்தால் அந்தக் கூத்தே நடந்திருக்காது.

சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பி, தகரக் கொட்டிலில் இருந்த காலம் அது. ஒரே அறை. எனக்கு வயிற்றில் ஆறு மாதம். அதற்கு முன் இரண்டு தங்கவில்லை. ஒன்று இடம்பெயர்ந்து ஓடும்போது போனது, மற்றது முகாமில். பட்ட காலிலேயே படும் என்பார்களே, அப்படி. இரண்டாவது போன பிறகு அவர் மாதக்கணக்காக யாரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அடுத்தவன் படகில் கூலிக்குப் போய்வந்த மனிதருக்கு அந்த வருஷம்தான் சொந்தமாக ஒரு படகும் எஞ்சினும் வாய்த்தன. எஞ்சின் ஜப்பான்காரர் பாவித்துக் கழித்தது. பள்ளிவாசல் பக்கம் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், கொழும்பிலிருந்து எடுப்பித்து, திருத்திக் கொடுத்தார்.

எங்கள் கரையில் எஞ்சினைப் படகோடு விட்டுவிட்டு வருகிறவன் இல்லை. விட்டால் களவு போய்விடும். கடலால் வந்ததும் தோளில் தூக்கிவந்து வீட்டுக்குள் நிறுத்துவார்கள். எண்ணெய் டாங்கியும் கூடவே வரும். எங்கள் எஞ்சினும் அறை மூலையில், ஒரு மரச்சட்டத்தில், வந்த விருந்தாளி போல நின்றது. முதலில் எனக்கும் பெருமைதான். துணியால் துடைத்துக்கூட விட்டேன்.

அது வீட்டுக்கு வர இரண்டு மாதம் முந்தித்தான் ஜப்பானில் கடல் பொங்கி, அணு உலை வெடித்திருந்தது. றேடியோவில் கேட்டு "பாவம் சனங்கள்" என்று அழுதவள்தான் நான். கடல் பொங்கினால் என்னவென்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து அக்கா போன் எடுத்த அன்றுதான் அது எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது.

"அடியே, ஜப்பான் சாமான் ஒண்டையும் வீட்டுக்கை வைச்சிருக்காதை. வாகனம், மெசின் எல்லாத்திலையும் அந்த நஞ்சு ஒட்டிக்கொண்டு வருதாம். கண்ணுக்குத் தெரியாதாம், மணக்காதாம். வயித்துப்பிள்ளையைத்தான் முதல் பிடிக்குமாம்."

திரும்பிப் பார்த்தேன். எஞ்சின் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தான், தெரியும். ஆனால் இரண்டைப் புதைத்தவளுக்கு அந்தப் பழமொழியால் என்ன பிரயோசனம்? அவரிடம் சொல்லவும் மனம் வரவில்லை. அப்போதுதான் அந்த மனிதர் திரும்பச் சிரிக்கப் பழகியிருந்தார். எஞ்சினை விட்டால் எங்களுக்கு வேறு பிழைப்பும் இல்லை.

"மண்ணெண்ணெய் மணம் வயித்தைப் பிரட்டுது, இதை வெளியிலை வையுங்கோ" என்றேன்.

"வெளியிலை வைச்சா விடிய இருக்காது" என்றார்.

அதுமட்டுமா? அதுவரை வாசலோரம் படுத்தவர், அந்தக் கிழமையிலிருந்து எஞ்சினை ஒட்டிப் பாயைப் போட்டுக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ன, அதோடை குடும்பம் நடத்தப்போறியளோ?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தார். களவுக்குக் காவல் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் வீட்டில் மடு மாதா கோயில் மண் எப்போதும் ஒரு முடிச்சில் இருக்கும். பாம்பு கடித்தால் அதைக் கடிவாயில் பூசி, கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுப்போம். வலையில் கடல்பாம்பு ஏறும் என்பதால் அவர் படகிலும் ஒரு முடிச்சு உண்டு. பாம்பின் நஞ்சை எடுக்கிற மாதாவுக்கு ஜப்பான் நஞ்சு பெரிய வேலையா? ஒருநாள் அவர் சந்தைக்குப் போன நேரம் எஞ்சின் முழுக்க மண்ணைக் குழைத்துப் பூசினேன். அருள் நிறைந்த மரியே சொல்லித் துடைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நஞ்சு உள்ளே அல்லவா இருக்கும்? பூசினால் மட்டும் போதுமா, குடிக்கவும் கொடுக்க வேண்டுமே! டாங்கியைத் திறந்து ஒரு பிடி போட்டேன்.

அடுத்தநாள் எட்டு மணிக்கு எல்லாப் படகும் கரைக்கு வந்தன. அவருடையது வரவில்லை. காற்று வேறு எழும்பியிருந்தது. "எஞ்சின் நிண்டுபோச்சாம், காத்து வெளியாலை இழுத்துக்கொண்டு போகுதாம். ரெண்டு படகு தேடிப் போகுது" என்றார்கள். எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் இருந்துவிட்டேன். ஐயோ மாதாவே, நஞ்சை எடுக்கத்தானே கேட்டேன், ஆளையா கேட்டேன் என்று வாய்விட்டுக் கத்தினேன். பின்னேரம் மூன்று மணிக்குத்தான் அவர் படகைக் கட்டி இழுத்து வந்தார்கள். உதடு வெடித்து, கண் சிவந்து இறங்கினார். இறங்கியதும் என்னைத்தான் கேட்டார், "நீ சாப்பிட்டியா?" என்று.

நானா வந்து டாங்கியைக் கழற்றிக் கவிழ்த்தார். கீழே சிவப்பாக மண்.

"இது நம்மட கரை மண் இல்லையே. ஆரு போட்ட வேலை இது?" என்றார்.

"நான்தான் நானா" என்று எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். சிரிப்பார் என்று பயந்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இந்த எஞ்சின் அங்க கடல் பொங்க முந்தியே என்ட கடைக்கு வந்தது தங்கச்சி. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. என்ட மகளும் முழுகாமத்தான் இருக்கிறா. அவட வீட்டிலயும் இதுமாதிரி ஒண்டுதான் நிக்குது."

விற்றவர் வேறென்ன சொல்வார் என்று அப்போதும் மனதில் ஒரு மூலை சொல்லியது. அவர் சொன்னது உண்மைதானா என்று இன்றைக்கும் நான் விசாரித்ததில்லை. எனக்கு மகள் பிறந்தாள், வளர்ந்தாள், இப்போது அவளுக்கு என்னைவிட வாய் நீளம். ஆனால் அன்றைக்கு அதெல்லாம் எனக்குத் தெரியாதே. நானா போனதும் என் புருஷன் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன்.

"உங்களைப் பயப்படுத்தக் கூடாதெண்டுதான் சொல்லேல்லை" என்றேன்.

"எனக்குத் தெரியும். அக்கா போன் எடுக்க முந்தியே கரையிலை கதைச்சவங்கள். உன்னைப் பயப்படுத்தக் கூடாதெண்டு நானும் சொல்லேல்லை."

"தெரிஞ்சுகொண்டோ அதுக்குப் பக்கத்திலை போய்ப் படுத்தனீங்கள்?"

"பக்கத்திலை இல்லை, உனக்கும் அதுக்கும் நடுவிலை. வாறது என்னிலை பட்டு நிக்கட்டும் எண்டுதான்."

"விசரே உங்களுக்கு? அந்த நஞ்சு உங்களைப் பிடிச்சா?"

கையில் ஒட்டியிருந்த மண்ணைச் சாரத்தில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நான் ஒராள்தானே. அங்காலை நீங்கள் ரெண்டு பேரெல்லோ."