குங்குமம் வைத்த மெமரி கார்டு

எங்கள் சித்தியின் கல்யாணத்தைக் கெடுத்தவள் நான்தான். பத்து வயதில், ஒரே ஒரு தீக்குச்சியை வைத்துக்கொண்டு கெடுத்தேன். இதை யாரும் என் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. ஆனால் ஆயுத பூஜைக்குச் சந்தனம் குழைக்கும்போதெல்லாம் அம்மா ஒரு கண்ணை என் கைமேலேயே வைத்திருப்பாள். எனக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது, இன்னும் வைத்திருக்கிறாள்.

தொண்ணூறுகள் முடியப்போகிற வருஷம் அது. கருமத்தம்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே அப்பாவின் தறிக் குடோன். சித்தி, அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. தாய் தகப்பன் இல்லாததால் எங்களோடு இருந்தாள். டிகிரி முடித்துவிட்டு மெயின் ரோட்டில் மருந்துக்கடை மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். காலையில் சேலை கட்டி, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அவள் கிளம்புகிற மிடுக்கைப் பார்த்தால் கலெக்டரே கிளம்புகிறார் என்று தோன்றும். வயது இருபத்தெட்டு. ஜாதகத்தில் செவ்வாய். வந்த வரனெல்லாம் பலகாரம் தின்று, காபி குடித்து, சொல்லி அனுப்புகிறோம் என்று போனதோடு சரி.

அந்தப் புரட்டாசியில் சிங்கப்பூரிலிருந்து மாமா வந்தார். அம்மாவுக்குத் தம்பி, சித்திக்கு அண்ணன். இரண்டு விஷயத்தோடு வந்தார். ஒன்று, அமெரிக்காவில் வேலை பார்க்கிற ஒரு மாப்பிள்ளை. சொந்த ஊர் சத்தியமங்கலம், அவருக்கும் செவ்வாய், பொருத்தம் பார்த்தாயிற்று, பெண்ணின் போட்டோவை மட்டும் கம்ப்யூட்டர் வழியாக அனுப்பினால் போதும். இரண்டாவது, அந்தப் போட்டோவை எடுக்க ஒரு டிஜிட்டல் கேமரா.

ரோல் போடாத கேமரா என்றதும் அப்பா நம்பவில்லை. பின்பக்கத்தைத் திறந்து பார்த்தே தீருவேன் என்று அரைமணி நேரம் போராடினார். உள்ளே தபால்தலையை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கறுப்புத் தகடு இருந்தது. அதுதான் மெமரி கார்டு. அது முழுக்க மாமா சிங்கப்பூரில் எடுத்த பூங்காவும் கப்பலும் கட்டடமும். எதையாவது அழித்தால்தான் இடம் கிடைக்கும். ஒரு கட்டடத்தைக்கூட அழிக்க மாமாவுக்கு மனசு வரவில்லை. தங்கச்சிக்குத் தனியாகவே ஒரு கார்டு வாங்கிவிடலாம் என்றார். உடனே அப்பா, மாமா, சித்தி, நான், நாலு பேரும் கோயமுத்தூருக்கு பஸ் ஏறிவிட்டோம். மெமரி கார்டு வாங்க நாலு பேர் எதற்கு என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் சீப்பு வாங்குவதற்கே மூன்று பேர் போவோம்.

ஒப்பணக்கார வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், ஃபாரின் சாமான் விற்கிற பாய் கடை. பாய் கண்ணாடி மேசையின் மேல் இரண்டு கார்டுகளை வைத்தார். ஒன்று கனமாக, பிஸ்கட் மாதிரி. இன்னொன்று அப்பளம் மாதிரி மெல்லிசு, ஒரு பக்கம் முழுக்கத் தங்க நிறத்தில் கட்டம் கட்டமாக மினுங்கியது.

அப்பாவுக்கு எதை வாங்கினாலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டிப் பார்க்க வேண்டும். நூலில் ஆரம்பித்த பழக்கம், கத்தரிக்காய் வரைக்கும் வந்துவிட்டது. தேங்காயெண்ணெய் தடவின தலையை ஒருதரம் கோதிவிட்டு, அதே கையோடு அந்த மெல்லிசுக் கார்டை எடுத்தார். பாய் பதறிப்போய்விட்டார்.

"ஏனுங்க, ஏனுங்க! அந்தத் தங்கத்து மேல கை படக்கூடாதுங்க. எண்ணெய்ப்பிசுக்கு பட்டாலே படமெல்லாம் போச்சுங்க!"

"கை படக்கூடாதுன்னா அப்பறம் அதென்னங்க சாமானம்? அந்தக் கெட்டியா இருக்கறதையே குடுங்க" என்றார் அப்பா.

அது இந்தக் கேமராவுக்குள் போகாது என்று பாய் விளக்கினார். மாமா விளக்கினார். அப்பா கேமராவைத்தான் மாற்ற வேண்டும் என்கிற கட்சிக்குப் போய்க்கொண்டிருந்தார். சித்திதான் முடித்துவைத்தாள். மெல்லிசுக் கார்டை ஓரத்தில் நகத்தால் பிடித்துத் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, எத்தனை எம்பி, எத்தனை படம் பிடிக்கும், தங்கப் பக்கத்தில் அழுக்கு ஏறினால் என்ன ஆகும் என்று பாயிடம் வரிசையாகக் கேட்டாள். பாய் அவளுக்கு மட்டும் ஒரு டீச்சருக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னார். எனக்கு ஒரே பெருமை.

ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் சித்தி மாமாவிடம் ஒன்று கேட்டாள்.

"அங்க போயி நான் என்னண்ணா பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேண்டீதில்ல அம்மணி. உன்னைய வேலைக்கெல்லாம் அனுப்ப மாட்டாங்களாம். மகராணியாட்ட ஊட்டுலயே உக்காந்துக்கலாம்."

சித்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெட்கம் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் வாசலில் செம்பருத்திச் செடியோரம் நிற்கவைத்து மாமா நாலு படம் எடுத்தார். மயில்கழுத்துப் பட்டு, அம்மாவின் காசுமாலை. எந்தக் கார்டு எது என்று குழம்பாமலிருக்க, புதுக் கார்டின் கறுப்புப் பக்கத்தில் துளியூண்டு காகிதம் ஒட்டி, அதில் ஒரு பூ வரைந்துவைத்தார். பூஜை முடிந்த மறுநாள் காந்திபுரத்தில் ஒரு பிரௌசிங் சென்டருக்குப் போய் அனுப்புவதாகத் திட்டம். அன்று ராத்திரியே அவருக்கு விமானம்.

ஆயுத பூஜையன்று தறியெல்லாம் ஓய்ந்துபோய், குடோனில் பேசினால் எதிரொலித்தது. பெரிய சாமான்களுக்கு அப்பா பொட்டு வைப்பார். சின்னச் சாமான்கள் என் பொறுப்பு. கத்தரிக்கோல், திருப்புளி, தராசு, இஸ்திரிப் பெட்டி, என் ஜாமெட்ரி பாக்ஸ். சித்தி எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். நான் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன். கேமராவுக்கும் நெற்றியில் ஒன்று வைத்தாயிற்று.

அப்போது சித்தி கேமரா டப்பாவிலிருந்து இரண்டு கார்டையும் எடுத்தாள். இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றை டப்பாவிலேயே போட்டு மூடிவிட்டு, பூ ஒட்டியிருந்ததை என் முன்னால் வைத்தாள். தங்கப் பக்கம் மேலே இருந்தது.

"இதுக்கும் வெச்சுரு கண்ணு."

எனக்குப் பாய் சொன்னது மறக்கவில்லை. கை படக்கூடாது. அவ்வளவு விவரமில்லாதவளா நான்? ஒரு தீக்குச்சியின் முனையில் சந்தனத்தைத் தொட்டு, தங்கக் கட்டங்களுக்கு நட்டநடுவில் வைத்தேன். அதே குச்சியைத் திருப்பிக் குங்குமம் வைத்தேன். கை படவே இல்லை. அத்தனை அழகாக இருந்தது! நிமிர்ந்து பார்த்தேன். சித்தி என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல இடத்துக்குப் போகிற படம், சாமி பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான் அதை எடுத்துக் கொடுத்தாள் என்று நினைத்தேன்.

மறுநாள் மாமா கார்டைக் கேமராவில் போட்டார். ஏதோ எழுத்து வந்து மின்னியது, படம் வரவில்லை. வெளியே எடுத்தால் காய்ந்த சந்தனம் உதிர்ந்தது. அப்பா வேட்டி நுனியால் அழுத்தித் துடைத்து, இருந்ததையும் தேய்த்துவிட்டார். ஓடிப்போய்ப் பாயிடம் கொடுத்தார்கள். அவர் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து என்னென்னவோ செய்து பார்த்துவிட்டு, கார்டு இனிமேல் ஓடுமுங்க, உள்ளே இருந்த படந்தானுங்க போச்சு என்று சொல்லிவிட்டார்.

இன்னொரு தரம் எடுத்தால் தீர்ந்தது என்றுதான் மாமா வந்தார். அதற்குள் சத்தியமங்கலத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா போன் செய்திருந்தார். எங்கள் அம்மாவுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். சாமிக்கு வைத்த பொட்டே பெண்ணின் படத்தை அழித்துவிட்டதென்றால் இதற்குமேல் கோயிலில் பூக்கேட்டுச் சாமி உத்தரவு பார்க்கவே வேண்டியதில்லை, பதில் வந்துவிட்டது என்று அந்த அம்மா போனை வைத்துவிட்டார்.

வீடே என்மேல் திரும்பியது. அம்மா கரண்டியோடு வந்தாள். சித்தி குறுக்கே வந்து என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"குழந்தைய வையாதீங்க. நாந்தான் எடுத்துக் குடுத்தேன். நாந்தான் வெக்கச் சொன்னேன்."

அம்மாவின் கை தாழ்ந்தது. பாரு, தன் வாழ்க்கையே போச்சு, அப்பவும் பிள்ளையை விட்டுக்கொடுக்கிறாளா பாரு என்று அழுதாள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்காகச் சித்தி பழியைத் தூக்கிப் போட்டுக்கொள்கிறாளே என்று அவள் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன்.

அதற்கடுத்த நாள் சித்தி என்னைத் தன் சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வழியில் பேக்கரியில் இரண்டு தேங்காய் பன் வாங்கி இரண்டையும் எனக்கே கொடுத்தாள். பன்னைத் தின்ன முடியாமல், நான் கையே படாமல்தானே வெச்சேன் சித்தி என்று மறுபடி அழ ஆரம்பித்தேன்.

"தெரியும் கண்ணு. நான் பாத்துட்டுத்தானே இருந்தேன்" என்றாள்.

சொல்லிவிட்டு ஒரு விரலால் என் கண்ணைத் துடைத்தாள். மாடிப்படி ஏறும்போது அவள் வாய்க்குள்ளேயே ஏதோ பாட்டை முனகினாள். பாவம், துக்கத்தை மறைக்கப் பாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, பன்னைக் கையில் வைத்தபடி நானும் பின்னாலேயே ஏறினேன். முந்தின நாள் அந்த வீட்டில் உள்ளதை உள்ளபடியே சொன்னவள் அவள் ஒருத்திதான் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.