செம்பாக்கத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவிலுக்கு, சின்ன பேட்டரியை நம்பி

அன்று அக்காவிடம் நான் சொல்லாதது இதுதான்: அந்த மாதத்தில் மட்டும் எங்கள் ஹைபிரிட் கார் இரண்டு முறை செத்துக் கிடந்தது. இரண்டு முறையும் அவள் மதியத் தூக்கத்தில் இருந்தாள். சாலையுதவி ஆள் வந்து கேபிள் போட்டு உயிர்கொடுத்துவிட்டுப் போனார். எட்டரை மாதக் கர்ப்பிணியான அவளை அதே காரில் ஏற்றிக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலை கிளம்பியபோது, "ஏசி நல்லா வருதா?" என்று மட்டும் கேட்டேன். பின்னால் அவளோடு உட்கார்ந்திருந்த அம்மாவிடமும் எதுவும் சொல்லவில்லை.

பிரசவத்துக்கு முன்னால் அக்கா ஒருமுறை நரசிம்மரைப் பார்த்துவிட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. எனக்கு வேறு காரணம் இருந்தது. அக்காவின் கணவருக்குப் புனேவில் வேலை. பிரசவத் தேதிக்கு முந்தின வாரம்தான் விடுப்பு. அதற்குள் வலி வந்தால் அக்காவை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போக வேண்டியவள் நான். வண்டி சொன்ன பேச்சைக் கேட்குமா என்று ஒரு நீண்ட ஓட்டத்தில் பார்த்துவிட நினைத்தேன். டாக்டரிடம் கேட்டோம். நடுவில் இறங்கிக் கொஞ்சம் நடக்கச் சொல்லி அனுமதித்தார்.

ஹைபிரிட் வாங்கும் எண்ணத்தில் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். இந்த வண்டியில் பேட்டரி இரண்டு. பெரியது சக்கரத்தைச் சுழற்ற. சின்னது, எல்லாக் காரிலும் இருப்பது போன்ற பன்னிரண்டு வோல்ட். வண்டியின் கணினியை எழுப்புவது இந்தச் சின்னதுதான். அது காலியானால் பெரியதில் எவ்வளவு சார்ஜ் இருந்தும் பயனில்லை. வீடு நிறைய அரிசி இருக்கிறது, கதவுச் சாவிதான் இல்லை என்பது போன்ற நிலை. என் வேலை பெரும்பாலும் வீட்டிலிருந்தே என்பதால் வண்டி வாரக்கணக்கில் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் நிற்கும். காலியாவதற்கு அதுதான் காரணம் என்று நம்பியிருந்தேன்.

ஏழே காலுக்குக் கிளம்பினோம். தாம்பரம் மேம்பாலத்தைத் தாண்டி இரும்புலியூர் வரை ஒரே நெரிசல். பெருங்களத்தூரில் ஊருக்குப் போகிறவர்களின் பைகளும் பேருந்துகளும் சாலையில் பாதியை எடுத்துக்கொண்டிருந்தன. வண்டலூருக்குப் பிறகு சாலை விரிந்தது. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் வழியாக ஏறக்குறைய இருபத்தெட்டு கிலோமீட்டர். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். வண்டி ஒரு குறையும் வைக்கவில்லை. நான்தான் ஒவ்வொரு சிக்னலிலும் முகப்பில் எரியும் பச்சை எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தயார் என்று அர்த்தம் அதற்கு.

கோவில் சின்னக் குன்றைக் குடைந்தது. மூலவரே மலையோடு ஒன்றாக இருப்பதால், அவரை வலம்வர வேண்டுமென்றால் குன்றையே சுற்றி வர வேண்டும். அர்ச்சகர் தீபாராதனையின்போது திருநாமத்தை விலக்கி நெற்றிக்கண்ணைக் காட்டினார். அக்கா வயிற்றில் கைவைத்தபடி நின்றாள். அதன்பின் அவளும் நானும் மண்டபத்தில் உட்கார்ந்துகொள்ள, அம்மா குன்றைச் சுற்றப் போனார். கற்தரை குளிர்ந்திருந்தது. அந்த இடத்தை அனுபவித்து எழுத ஆசைதான். ஆனால் என் கண்ணில் அப்போது வண்டி நிறுத்துமிடம் மட்டுமே நின்றது.

பத்தேகாலுக்கு மூவரும் வண்டிக்குத் திரும்பினோம். ரிமோட்டை அழுத்தினேன். கதவு திறக்கவில்லை. சாவிக்குள் செருகியிருக்கும் இரும்புச் சாவியால் திறந்தேன். பொத்தானை அழுத்தினேன். முகப்புத் திரை கறுப்பாகவே இருந்தது.

"என்னடி, ஏன் முழிக்கிற?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்லை. நீ அந்த நிழல்ல உக்காரு. உள்ள சூடா இருக்கு."

பக்கத்தில் ஒரு கால் டாக்சி நின்றது. ஓட்டுநர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு வண்டியின் பேட்டரியால் இன்னொன்றை எழுப்பும் ஜம்ப் கேபிள் அவரிடம் இருந்தது. ஆனால் என் வண்டியின் பின்பக்க எழுத்தைப் படித்ததும் கையைக் கழுவாமலேயே பின்வாங்கினார்.

"ஹைபிரிட்டாக்கா? வேணாம்க்கா. கரண்டு வண்டிக்குக் குடுத்தா என் வண்டி பொகஞ்சிடும். லோன்ல கீது."

"பெரிய பேட்டரியைத் தொடவே போறதில்லைண்ணா. சின்னது மட்டும்தான். உங்க வண்டியில இருக்கிற மாதிரியே."

"யாரு சொன்னா?"

"புக்குல போட்டிருக்கு." போனில் சேமித்துவைத்திருந்த கையேட்டைக் காட்டினேன்.

"புக்கு எழுதினவன் இங்க வந்து நிப்பானா?" என்றார். இருந்தாலும் அக்காவின் வயிற்றைப் பார்த்துவிட்டுக் கேபிளை எடுத்தார். சிவப்பு முனையை எங்கே மாட்டுவது என்று நான் சொல்லச் சொல்ல, பாம்பைப் பிடிப்பது போல நீட்டிப் பிடித்து மாட்டினார். கறுப்பை மட்டும் தன் விருப்பப்படி பேட்டரியில் வைக்கப் போனார். எஞ்சின் உலோகத்தில்தான் வைக்க வேண்டும் என்று தடுத்தேன்.

"சாமி மேல பாரம்" என்று தன் வண்டியை ஸ்டார்ட் செய்தார்.

பொத்தானை அழுத்தக் குனிந்தபோதுதான் அதைப் பார்த்தேன். முகப்பில் அம்மா ஒட்டியிருந்த நரசிம்மர் படத்தின் முன்னால் குண்டுமணி அளவில் ஒரு சிவப்பு விளக்கு. கதவும் திரையும் செத்திருந்த அந்தக் கணத்திலும் அது மங்கலாக எரிந்துகொண்டிருந்திருக்கிறது. கேபிள் மாட்டியதும் பளிச்சென்று ஆகியிருந்தது. வண்டியைப் பூட்டிய பிறகும் அது எரிவதை முன்பே பார்த்திருக்கிறேன். உள்விளக்கைப் போலச் சற்று நேரத்தில் அணைந்துவிடும் என்று நினைத்துப் போய்விடுவேன்.

வண்டி எழுந்தது. ஓட்டுநர் எட்டிப் பார்த்து, விளக்கின் வயரை விரலால் தொடர்ந்தார். "நேரா பேட்டரிலேர்ந்து வருதுக்கா. முன்கண்ணாடி கேமராவும் அதுலயே கீது. அணையவே கூடாதுன்னு போட்டுக்கீறாங்க."

யாரும் எதுவும் கேட்கும் முன்பே அம்மா சொன்னார்: "நான்தான் போடச் சொன்னேன்."

அக்காவுக்குச் சுகப்பிரசவம் ஆகும்வரை விளக்கு அணையக் கூடாது என்று வேண்டுதலாம். "வீட்டுல ஏத்தினா ஃபேன் காத்துல அணைஞ்சுடுது. ஆஸ்பத்திரிக்குப் போறதும் இந்த வண்டியிலதானே? அதான் கேமரா மாட்டின தாம்பரம் கடைக்காரன்கிட்ட சொன்னேன். அவன் ஒரு வார்த்தை சொல்லலையே."

"பிடுங்கிடவாம்மா?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"கைய வச்சீங்கன்னா பாருங்க!"

அவர் கேபிளைச் சுருட்டினார். முந்நூறு ரூபாய் கொடுத்தேன்; இருநூறு போதும் என்று நூறைத் திருப்பினார். "வூட்டுக்குப் போற வரைக்கும் ஆஃப் பண்ணாதக்கா" என்றார்.

திரும்பும் வழிதான் கொடுமை. ஹைபிரிட்டின் இயல்பே, வண்டி நின்றால் பெட்ரோல் எஞ்சின் தானாக அடங்கிவிடும். வாங்கிய புதிதில் அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. அன்று கூடுவாஞ்சேரியில் அந்த அமைதி வந்தபோது முகப்பில் பச்சை எழுத்தைத் தேடினேன்.

"நின்னுடுச்சா?" என்றார் அம்மா.

"இல்லம்மா. அது அப்படித்தான்."

ஊரப்பாக்கத்தில் மறுபடியும். "இப்ப?"

"இப்பவும் அப்படித்தான்மா."

"போன தடவையும் இப்படித்தான் நின்னுச்சா?" என்று கேட்டாள் அக்கா. கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கேபிள் மாட்டத் தெரிஞ்சு வச்சிருக்க. இது முதல் தடவை இல்லை. எத்தனை தடவை?"

"ரெண்டு."

அவள் கத்தவில்லை. அம்மா பக்கம் திரும்பினாள். "வலி வர்ற அன்னைக்கு இது இப்படிப் படுத்துக்கிச்சுன்னா? நரசிம்மர் வந்து ஓட்டுவாரா?"

"ஓட்டுவார்டி. இவளைவிட நல்லாவே ஓட்டுவார்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வேகத்தில் வயிறு இறுகி, முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அரை நிமிடம் இருக்கும். வண்டலூர் சிக்னலில் முன்னும் பின்னும் லாரி. எஞ்சின் மறுபடி அடங்கியது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பச்சை எழுத்தைப் பார்த்தோம்.

"ஒண்ணுமில்லை, விட்டுடுச்சு" என்று அக்கா நிமிர்ந்தாள்.

அம்மா முன்னால் சாய்ந்து, படத்தின் அடியில் கைவிட்டு, வயரை ஒரே இழுப்பில் பிடுங்கினார். விளக்கு அணைந்தது. வீடு சேரும்வரை அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

இப்போது நான் அடிக்கடி நினைப்பது அந்த உதட்டைத்தான். எனக்கு வண்டி நின்றுவிடும் என்ற பயம். அம்மாவுக்கு, தன் கையால் அணைத்ததற்கு அக்கா எதையாவது அனுபவிக்க வேண்டிவருமோ என்ற பயம். என்னுடையதற்கு ஒரு கையேடு இருந்தது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கோவில் நடை நண்பகலில் சாத்தப்படும்; நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள். கார் இல்லையென்றால் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு மின்ரயில் இருக்கிறது. சிங்கப்பெருமாள் கோவில் நிலையத்திலேயே இறங்கலாம். ஹைபிரிட் வைத்திருப்பவர்கள், வெளிக்கடையில் கேமராவோ விளக்கோ மாட்டினால் வண்டி அணையும்போது அதுவும் அணையும்படி இணைக்கச் சொல்லுங்கள். ஜம்ப் கேபிள் உங்களிடமே இருக்கட்டும். இரும்புச் சாவி எங்கே ஒளிந்திருக்கிறது என்று இன்றே பாருங்கள். சின்ன பேட்டரி சில முறை அடியோடு காலியானால் பிறகு சார்ஜைத் தாங்காது. எனக்குப் புதிது மாற்ற எட்டாயிரத்து நானூறு ஆனது. முக்கியமானது, வண்டியைச் சும்மா நிறுத்தாதீர்கள் என்று பேட்டரி மாற்றியவர் சொன்னது. அடிக்கடி அரை மணி நேரமாவது ஓட வேண்டுமாம். அதனால் வாரத்தில் மூன்று நாள் சோழிங்கநல்லூர் அலுவலகத்துக்கு அதிலேயே போகத் தொடங்கினேன்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை காலை அக்காவுக்கு வலி வந்தது. கார் முழு சார்ஜோடு என் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் நின்றிருந்தது. அம்மா தெருமுனைக்கு ஓடி ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தி, உள்ளே இருந்த இரண்டு பேரை இறக்கிவிட்டு அக்காவை ஏற்றிக்கொண்டு போனார். நான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது பெண் குழந்தை பிறந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது.