படிக்காமல் அழுத்திய அனுமதி

மலைமேல் மஞ்சக்குட்டைக்குப் போகிற வழியில், எங்கள் வீட்டில் இரண்டு அறைகளை வெளியூர்க்காரர்களுக்குத் தங்கக் கொடுக்கிறேன். சாவி விஷயத்தில் நான் கறார். வந்தவர்களுக்கு அவரவர் அறைச் சாவி மட்டும்தான். சமையல்கட்டுப் பக்கம் ஒருவரையும் விட்டதில்லை. அப்பேர்ப்பட்ட நான்தான் இதைச் செய்தேன்.

தங்குகிறவர்களின் ஆதாரை நகலெடுக்க மருமகள் லேப்டாப்பும் பிரிண்டரும் வாங்கி வைத்திருந்தாள். அக்கம்பக்கத்தாரும் ஜெராக்ஸுக்கு என்னிடம்தான் வருவார்கள். கீழ்வீட்டில் இருப்பவள் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போகிறவள். ஒருநாள் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டோடு வந்தாள். மார்பில் கட்டி.

“இது உங்க கம்ப்யூட்டர்லயே இருக்கட்டுங்கம்மா. ஊட்டுல வெச்சா மாமியா கண்ணுல பட்டுரும். புள்ளைக்கு மாப்ளை பேசி முடிக்கற வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியக் கூடாதுங்க.”

“எங்கிட்டக் குடுத்துட்டயில்ல, வுடு அம்மிணி” என்றேன். அறைப் படங்களும் ஆதார்களும் இருந்த ஃபோல்டரிலேயே அதையும் ஸ்கேன் செய்து போட்டு, காகிதத்தையும் நானே வைத்துக்கொண்டேன்.

அறைகளின் படங்களை ஆல்பமாக்கித் தரும் இணையதளம் ஒன்றை மருமகள் காட்டியிருந்தாள். “ஒவ்வொரு படமாக் குடுங்க அத்தை. நொம்ப நேரமாகும், பரவால்ல. ஃபோல்டரை மொத்தமாக் கேக்கும், குடுத்துறாதீங்க. உள்ள இருக்கற அத்தனையும் அது எடுத்துக்கும்” என்றாள்.

“எனக்குத் தெரியாதாக்கும்?”

அன்று காலை, தங்க வந்த பெண்ணொருத்தி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு படம் ஏற்றுவதற்குள் கை சலித்துப்போனது. ஃபோல்டரையே தொட்டேன். ஒரு கட்டம் வந்து என்னமோ கேட்டது, தமிழில்தான். எனக்கு எழுத்துக் கூட்டினால்தான் படிக்க வரும், அதுவும் வாய்விட்டு. அவள் முன்னால் கூட்டிப் படிக்க வெட்கமாக இருந்தது. படித்துவிட்டவள் மாதிரித் தலையாட்டி, ‘அனுமதி’யை அழுத்தினேன்.

“வேகமாப் பண்றீங்களே பாட்டி!” என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

ஆல்பத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் தெரு வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். காப்பிப் பூ, கட்டில், மிளகுக் கொடி. அதையடுத்து விருந்தினர்களின் ஆதார்கள். அதற்கும் அடுத்து, கீழ்வீட்டுக்காரி பெயர் போட்ட ரிப்போர்ட். மருமகள் பார்த்து அழிப்பதற்குள், குழுவில் இருந்த, அவள் மகளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் அத்தை பார்த்துவிட்டாள். விருந்தினர்களுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டதும் மருமகள்தான்.

சாயங்காலம் கீழ்வீட்டுக்காரி வந்தாள். கத்தவில்லை.

“ஏனுங்கம்மா, அது எப்படிங்க வெளிய போச்சு?”

“அந்த மிஷினு தானாப் பண்ணிருச்சு கண்ணு.”

மருமகள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மாப்பிள்ளை வீட்டார் “தை போகட்டும், பாக்கலாம்” என்று சொல்லியனுப்பினார்கள். அதைக் கேட்டதும் கீழே போய்ச் சொன்னேன்.

“மிஷினு பண்ணலை. என்ன கேக்குதுன்னு படிக்காமயே நான்தான் சரின்னுட்டேன். பக்கத்துல நின்ன பொண்ணு, இதுக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சுருமோன்னு...”

அவள் அரிசி புடைப்பதை நிறுத்தினாள். “என்னையக் கூப்புட்டிருக்கலாமுங்களே. எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கறனுங்க.”

இப்போது என்னிடமிருந்து திருப்பி வாங்கிய ரிப்போர்ட்டைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, சோற்றுப் பையோடு தோட்டத்துக்கே கொண்டுபோகிறாள். என் வாசலைத் தாண்டும்போது “சாப்ட்டீங்களாம்மா” என்று கேட்கத் தவறுவதில்லை. நானும் பதில் சொல்கிறேன், அந்தப் பையைப் பார்த்தபடி.