பெட்டி தூக்க உட்கார வேண்டும்

இலங்கையில் நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பேக்கிங் ரூம் பொறுப்பு என்னிடம் இருந்த காலம். லொறி வாசலில் நின்றது. மாரிமுத்து ஒரு தேயிலைப் பெட்டியைத் தூக்கக் குனிந்தார், நிமிரவில்லை. குனிந்தபடியே சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, இடுப்பு பிடிச்சுக்கிச்சுங்க" என்றார்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. முழங்காலை விறைப்பாக வைத்து, முதுகை வளைத்து, நூறு ராத்தல் பெட்டியைப் பிடுங்கினால் வேறு என்ன நடக்கும்?

தோட்டத்து டிஸ்பென்சர் தைலம் கொடுத்து, படுக்கச் சொன்னார். பாரம் தூக்கும் முறையையும் எனக்குச் செய்து காட்டினார். தொழிற்சாலைக்கே மேலதிகாரியான எங்கள் டீமேக்கர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர். அவர் சொன்னது வேறு: "இன்னொருக்கா இடுப்பு எண்டு படுத்தால் அவன்ரை பேரை வெட்டிப்போடுவன்."

மாரிமுத்து மனைவியை இழந்தவர். பேர் வெட்டினால் வேலையோடு, தோட்டம் கொடுத்த வீடான லயத்துக் காம்பராவையும் விட்டுவிட்டு, இரண்டு பிள்ளைகளோடு வெளியே போக வேண்டும்.

அவர் வேலைக்குத் திரும்பியதும் எல்லோரையும் நிறுத்திச் சொல்லிக் கொடுத்தேன். பெட்டிக்கு நெருக்கமாக நில்லுங்கள். காலை அகட்டி வையுங்கள். குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது. முழங்காலை மடக்கி இறங்கி, நெஞ்சை நிமிர்த்தி, பெட்டியை உடம்போடு அணைத்துத் தொடையின் பலத்தில் எழும்புங்கள். திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் காலை எடுத்து வையுங்கள்.

மாரிமுத்து இறங்கி உட்கார்ந்தார்.

"என்ன அண்ணே, அடைகாக்கிறீங்களா? எத்தன முட்டை?" என்றான் வேலு.

"ஒன்னுதான்டா. நூறு ராத்தல்!"

அந்தச் சிரிப்பு அடங்கவே வெகுநேரம் ஆனது. வேலுவுக்குச் சொல்லச் சொல்லக் குதிகால் எழும்பும். இன்னொருவருக்குப் பின்பக்கம் முதலில் மேலே போய், முதுகு மறுபடியும் வளையும். சத்தமாகப் பேசாத என்னையே கத்த வைத்தார்கள். மாரிமுத்து மட்டும் பயத்தில் ஒழுங்காகப் பழகினார்.

கொஞ்ச நாளில் பார்த்தால் அவரும் பழையபடி குனிகிறார்!

"என்னங்க மாரிமுத்து, நான் சொன்னதென்ன, நீங்க செய்றதென்ன?"

"உக்காந்தா டீமேக்கர் ஐயா மாடியிலேருந்து பாத்துட்டு, சோம்பேறின்னு ஏசுறாருங்க. குனிஞ்சு நின்னா ஒன்னும் சொல்றதில்ல. நான் என்னங்க செய்ய?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் தோட்டத்தில் மேலதிகாரி பார்க்கும்போது உட்கார்ந்திருப்பவன் வேலை செய்யாதவன். இடுப்பு ஒடியக் குனிந்து நிற்பவன் நல்ல வேலைக்காரன். இவ்வளவு நாளும் நான் தவறான ஆளைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

"யார் பாத்தாலும் பரவாயில்ல, உக்காந்து தூக்குங்க" என்றேன். அவர் இறங்கினார். உடனே மாடிப்படியில் டீமேக்கரின் குரல் கேட்டது.

"என்ன காணும், அவன் திரும்பவும் குந்திறான்?"

அவரை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. "உக்காரலீங்க ஐயா. தூக்குறாரு" என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

"உமக்கென்ன விசரே?"

எனக்குப் பைத்தியம் என்றே நினைத்துவிட்டார். மாரிமுத்துவை விலகச் சொல்லிவிட்டு, நானே பெட்டிக்கு முன்னால் இறங்கினேன். முழங்கால் சடக்கென்றது. வேலு சிரித்தான். பெட்டியை அணைத்து எழும்பி, லொறியில் ஏற்றினேன்.

"இப்படித் தூக்கினா இவரு இடுப்பு தாங்குங்க ஐயா. நின்னு குனியச் சொன்னா, மறுபடியும் படுத்துடுவாரு. அப்ப பேரை வெட்டினா, அது அவரு குத்தம் இல்லீங்க."

டீமேக்கர் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, சரி, குந்தட்டும். ஆனா கெதியா எழும்பச் சொல்லும்!" என்று அவசரப்படுத்தினார்.

நான் வேறு தோட்டத்துக்கு மாறும்வரை மாரிமுத்து அதே வாசலில்தான் பெட்டி ஏற்றினார். இடுப்பு என்று ஒரு நாளும் படுக்கவில்லை. புதிதாக பேக்கிங் ரூம் பொறுப்பு ஏற்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். தூக்குகிறவருக்குச் சொல்லிக் கொடுப்பதற்கு முன், மேலே நின்று பார்க்கிறவருக்குச் சொல்லிக் கொடுங்கள். என்னைப் போல் வீணாகத் தொண்டை கட்டிக்கொள்ள வேண்டியிருக்காது.