“நானும் உங்கட ஊர்தான்!”

போன வருடம் வெள்ளவத்தையில் நடந்தது இது. பட்டம் முடித்தும் மட்டக்களப்பில் வேலை கிடைக்காததால், இங்கே ஒரு கணக்காளரின் அலுவலகத்தில் சேர்ந்திருந்தேன். உடம்பு மட்டும்தான் கொழும்பில். மனசு முழுக்க ஊரில். வேலை விட்டதும் காலி வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தேநீர் குடித்துக்கொண்டே அம்மாவோடு போனில் கதைப்பேன்.

ஒருநாள் நான் போனை வைத்ததும், பக்கத்து மேசையில் இருந்தவர் சிரித்தார்.

“கதையக் கேட்டதும் விளங்கிற்று தங்கச்சி. நானும் மட்டக்களப்புதான்கா.”

எங்கள் ஊர்ப் பேச்சில் ஒட்டிவரும் அந்த ‘கா’வைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதன்பின் அடிக்கடி சந்தித்தோம். மீன்வாடி, வாவி, கோயில் திருவிழா என்று எல்லாம் கதைப்பார். ஆனால் “ஊர்ல எந்தப் பக்கம்?” என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். நான் யாரோடு தங்கியிருக்கிறேன், வெளிநாட்டில் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் துருவித் துருவிக் கேட்பார்.

பிறகு என்னைக் கனடாவுக்கு அனுப்பிவைப்பது பற்றித் தொடங்கினார். “ஊர்ப்பிள்ளை எண்டுதான் சொல்றன். பாஸ்போட்டைத் தாங்க, மிச்சத்த நான் பாத்துக்கிறன். ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க.”

கடைசி வாக்கியம் என்னை உறுத்தியது. ஆனாலும் ஆசை விடவில்லை. மறுநாள் பாஸ்போட் என் கைப்பைக்குள் இருந்தது. கடையில் அவர் முன்னால் பையைத் திறக்குமுன் சும்மா சொன்னேன்:

“கல்லடி ஸ்டேஷனுக்குப் பின்பக்கம்தான் எங்கட வீடு.”

“ஓம் ஓம், அந்த ஸ்டேஷன்ல எத்தின தரம் இறங்கியிருப்பன்!”

கல்லடியில் ஸ்டேஷனே கிடையாது. எங்கள் ரயில் மட்டக்களப்பு டவுனோடு நின்றுவிடும். வாவியைத் தாண்டிக் கல்லடிக்கு வருவதே இல்லை. அவசர வேலை என்று சொல்லி எழும்பி வந்துவிட்டேன்.

சில வாரங்கள் கழித்து அதே கடையில் அவரைக் கண்டேன். எதிரே புதிதாக ஒரு பெண்.

“நானும் நல்லூர்தான் தங்கச்சி, பயப்பிடாதேங்கோ” என்று இந்த முறை யாழ்ப்பாணப் பேச்சில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நேராக அந்த மேசைக்குப் போனேன். “தங்கச்சி, பாஸ்போட்டக் குடுத்திராதீங்க. என்னட்ட இவர் மட்டக்களப்பு எண்டு சொன்னவர்.”

அவர் எழும்பிப் போய்விட்டார். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு அவரை நாங்கள் காணவே இல்லை.

என் பாஸ்போட் தப்பிவிட்டது. ஆனால் இந்தப் பெரிய நகரத்தில் ஊர்ப்பேச்சு ஒன்று காதில் விழுந்தால் ஓடிப்போய்க் கதைக்கிற அந்தச் சந்தோஷத்தை அந்த மனிதன் கொண்டுபோய்விட்டான் என்பதுதான் இன்றைக்கும் ஆறவில்லை.